கொசுறு மீன்

திருத்துறைப்பூண்டி,
ஜூன் 2, 2025.

குணசேகரன் அண்ணனுக்கு,

நான் அனுப்பிய நான்கு பை மஞ்சள் சிக்லிட் மீனையும் நீங்கள் நேற்று பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அதோடு நிற்காமல், கறுத்துப்போன மீனைப் படம் எடுத்து, "பர்வின் சரக்கு சீக்கு, யாரும் எடுக்காதீங்க" என்று அழகுமீன் வியாபாரிகளின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டீர்கள். நடந்தது இதுதான். இதில் ஒரு வார்த்தை கூடுதல் இல்லை.

போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால் எழுதிப் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன். நேரில் பேசினால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். உங்கள் குரல் பெரிது. காகிதத்தில் எல்லார் குரலும் ஒரே அளவுதான்.

என் தொட்டியில் வலைபோட்டு அள்ளும்போது அந்த மீன் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. கையால் எண்ணிப் பையில் விட்டு ஆக்ஸிஜன் அடைத்துக் கட்டியவள் நான். உங்கள் தஞ்சாவூர்க் கடையின் கண்ணாடித் தொட்டியில் மூன்று நாள் இருந்துவிட்டு, அடுப்புக்கரியில் புரட்டி எடுத்த மாதிரி திரும்பி வந்திருக்கிறது. சீக்கு என் வீட்டில் பிடித்ததா, உங்கள் கடையில் பிடித்ததா என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா?

உங்களுக்கு இது நாலு பை மீன். எனக்கு அப்படியில்லை. என் தொட்டிகள் துரைராசு ஐயாவின் நிலத்தில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். நிலம் குத்தகை, தொட்டி என் நகையைப் போட்டுக் கட்டியது. மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்குள் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். இன்று காலை அவர் வரப்பில் நின்றபடியே, "ஏம்மா, மீனெல்லாம் சீக்காமே? வேற ஆளு கேக்குறாங்க, பாத்து சொல்லு" என்றார். குழுவில் இல்லாத அவருக்கு அந்தப் படம் எப்படிப் போனது? குத்தகை போனால் சிமெண்ட் தொட்டிகளைப் பெயர்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. மண்ணோடு அவருக்கே போகும்.

ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் பாசித்தும் பேசினார். மூடிவிட்டுப் பேசாமல் வீட்டில் இரு என்கிறார். நான் வாரச் சந்தையில் கப்பி மீனைப் பாலிதீன் பையில் கட்டி, குடைக்கம்பியில் தொங்கவிட்டு விற்ற காலத்திலும் இதையேதான் சொன்னார். அப்போதும் நான் மூடவில்லை.

படத்தை எடுங்கள்.

பர்வின்


தஞ்சாவூர்,
ஜூன் 4, 2025.

தங்கச்சி பர்வினுக்கு,

உன் காகிதம் வந்தது. என் குரல் பெரிதுதான். கீழவாசல் சத்தத்தில் முப்பது வருஷம் கடை நடத்துகிறவனுக்குச் சின்னக் குரல் இருந்தால் வியாபாரம் ஆகாதும்மா.

உன்மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. போன வருஷம் சென்னைச் சரக்கு ஒன்று இறக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் நிறம் மங்கியது, நாலாம் நாள் கடை முழுக்க வெள்ளைப் புள்ளி நோய். மிதந்த மீனைக் கூடையில் அள்ளிப் புதைத்தேன். அந்த நாற்றம் ஒரு மாசம் மூக்கை விட்டுப் போகவில்லை. அதிலிருந்து நிறம் மங்கினால் வெளியே தள்ளு, அவ்வளவுதான். தம்பி சரக்கா தங்கச்சி சரக்கா என்று பார்ப்பதில்லை. உன் மீனுக்கு உப்பு போட்டுப் பார்த்தேன், நீல மருந்து ஊற்றிப் பார்த்தேன், தண்ணீர் மாற்றிப் பார்த்தேன். கறுத்தது கறுத்ததுதான். முன்பும் உன் மீன் கொஞ்சம் கறுத்ததுண்டு, உன்னிடம் சொல்லாமல் கொட்டிவிட்டேன், இந்த முறை நாலு பையும். மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டு, இரைகூட எடுக்கவில்லை. சீக்கு இல்லாமல் வேறென்ன?

மற்றவர்களை எச்சரிக்கை செய்தது என் கடமை. நாளைக்கு மன்னார்குடி தியாகராசன் கடையில் இதே மாதிரி ஆகிவிட்டால், தெரிந்தும் சொல்லவில்லையே என்று என்னைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் அம்சவல்லிக்கு நீ மீன் போடுகிறாயாம். அந்த மீன் தகதகவென்று இருக்கிறதாம், அவளே போனில் பீற்றிக்கொண்டாள். நல்லதை அங்கே போட்டுவிட்டுக் கழிவை எனக்குக் கட்டினாயா? நான் தூக்கிவிட்ட ஆள் நீ. உன் முதல் பெட்டியை எந்தக் கடையும் தொடாதபோது தொட்டவன் நான்.

மீன் உன் வீட்டில் மஞ்சள், என் வீட்டில் கறுப்பு என்றால், அது என்ன பச்சோந்தியா?

குணசேகரன்


திருத்துறைப்பூண்டி,
ஜூன் 7, 2025.

அண்ணனுக்கு,

கிட்டத்தட்ட பச்சோந்திதான். நீங்கள் கிண்டலாகச் சொன்னதை நான் தொட்டியில் பார்த்துவிட்டேன்.

முதலில் உங்களுக்கு ஒரு நன்றி. நான் ஒவ்வொரு பையிலும் சின்ன மீன்களோடு ஒரு பெரிய ஆண் மீனைக் கொசுறாகப் போட்டிருந்தேன் அல்லவா? நாலு பைக்கு நாலு. சரக்கைத் திருப்பியபோது நீங்கள் அவற்றில் இரண்டை மட்டும் அனுப்பிவிட்டு, பார்க்க லட்சணமாக இருந்த இரண்டைக் கடையிலேயே வைத்துக்கொண்டீர்கள். சீக்கு மீன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அதிலேயே இரண்டை எடுத்து வைத்துக்கொண்ட உங்கள் தைரியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் நீங்கள் அப்படிச் செய்திருக்காவிட்டால் எனக்கு விஷயம் பிடிபட்டிருக்காது.

வந்த நாலு பையையும் நாலு தனித் தொட்டியில் கொட்டினேன். மருந்து இல்லை, உப்பு இல்லை. மறுநாள் பார்த்தால் இரண்டு தொட்டி மஞ்சள். இரண்டு தொட்டி அதே கறுப்பு. கறுப்பாக இருந்த இரண்டிலும்தான் பெரியது இருந்தது. அது மட்டும் பளபளவென்று நடுவில் நின்றது. மற்றவை காற்றுக் குழாய் மூலையில், துடுப்பை மடக்கிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஒண்டிக்கிடந்தன. ஒரு குட்டி இரைக்காக வெளியே வந்தது. பெரியது தொடக்கூட இல்லை, இந்தப் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். குட்டி போன வேகத்தில் மூலைக்குத் திரும்பியது. போகும்போதே அதன் உடம்பில் நிழல் ஏறுகிற மாதிரி கறுப்பு ஏறியதை என் கண்ணால் பார்த்தேன்.

நம்ப மனசு வரவில்லை. பெரியது இரண்டையும் வலையில் எடுத்து மஞ்சள் தொட்டிகளில் விட்டேன். மறுநாள் அப்படியே மாறியிருந்தது. கறுப்பு மஞ்சளானது, மஞ்சள் கறுத்தது. சீக்காக இருந்தால் நான் வலையில் எடுத்து இடம் மாற்ற முடியுமா, அண்ணே?

மிரட்டல் தாங்காமல் கறுக்கிறது. 'நான் உனக்கு எதிரி இல்லை, என்னை விட்டுவிடு' என்று அது உடம்பால் சொல்கிறது. இதுதான் எனக்குப் புரிந்தது.

இது எனக்கு ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று கேட்பீர்கள். என் பெரிய சிமெண்ட் தொட்டியில் குட்டிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக வளர்கின்றன. பெரிய ஆண்களைத் தனியாக இனப்பெருக்கத் தொட்டியில் வைத்திருக்கிறேன். இரண்டும் முதல்முறை சேர்வது நான் கட்டுகிற பையில். இருட்டுப் பெட்டிக்குள் நெருக்கத்தில் அதற்கு மிரட்ட இடமில்லை. உங்கள் கண்ணாடித் தொட்டியில் விளக்கும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. அம்சவல்லி அக்கா கொசுறு கேட்டதில்லை. நானும் போட்டதில்லை. அவர் மீன் தகதகப்பதற்குக் காரணம் அதுதான். நல்லது, கழிவு என்று நான் பிரித்துக் கட்டவில்லை.

கொசுறு போட்டது என் கை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கேட்டது யார்? முதல் வருஷம் கடை வாசலில் நின்றுகொண்டு, "தொட்டிக்கு ஒரு பெரிசு இருந்தாத்தாம்மா பாக்குறவன் நிப்பான், கூடப் போட்டு அனுப்பு" என்றது யார்? அன்றைக்கு எனக்கு உங்களை விட்டால் வேறு கடை இல்லை. கேட்டதைக் கொடுத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

கும்பகோணத்துக்குப் போடுகிறேன். ஆமாம். உங்களுக்கு மட்டும்தான் தருவேன் என்று நான் எந்த நாளில் வாக்குக் கொடுத்தேன்? முதல் பெட்டியைத் தொட்டதற்கு நன்றி சொன்னேன். இன்னமும் சொல்லுவேன். அதற்காக ஆயுசுக்கும் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

இப்போது நான் கேட்கிறேன். துரைராசு ஐயாவிடம் குத்தகை கேட்ட 'வேற ஆளு' நீங்கள்தானே? தஞ்சாவூர்க்காரர், குரல் பெரிசு என்று அவர் வீட்டம்மா மங்களாம்பிகை சொன்னார். ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

வரும் சனிக்கிழமை மீனோடு உங்கள் கடைக்கு வருகிறேன். ஒரே பை மீனை உங்கள் தொட்டி இரண்டில் பாதிப் பாதியாக விடுவோம். ஒன்றில் பெரியது, ஒன்றில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தியாகராசனையும் அம்சவல்லி அக்காவையும் கூப்பிட்டு வையுங்கள். நான் சொன்னது பொய் என்றால் துரைராசு ஐயாவிடம் நானே உங்கள் பெயரைச் சொல்லி, தொட்டிகளை உங்கள் கையில் விட்டுவிட்டுப் போகிறேன்.

பர்வின்


தஞ்சாவூர்,
ஜூன் 10, 2025.

பர்வினுக்கு,

ஆம்.

ஒரு வார்த்தை போதும் என்றாய், சொல்லிவிட்டேன். நீ இந்தத் தொழிலில் நிற்கமாட்டாய் என்று நினைத்தேன். நீ மூடினால் எனக்கு மஞ்சள் சிக்லிட் எங்கிருந்து வரும்? சென்னைச் சரக்குக்குத் திரும்பவும் போகச் சொல்கிறாயா? வியாபாரி ஒருத்தன் செய்கிறதைத்தான் செய்தேன். நீயும் என் இடத்தில் இருந்தால் செய்திருப்பாய். இல்லை என்று சொல்லாதே, உன்னை எனக்குத் தெரியும்.

மீன் பயந்தால் கறுக்கும் என்று எனக்கு நீ பாடம் எடுக்கிறாய். உன் வயசுக்கு முன்னாலிருந்து மீன் விற்கிறேன். ஒரு வாத்தியார், ஒரு மீன்வளத்துறை ஆபீசர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய மீன் இருக்கிற தொட்டியில் சின்னது மரியாதையாக இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வா. இரண்டு தொட்டி கழுவி வைக்கச் சொல்கிறேன். அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். அம்சவல்லி சிரிப்பதற்கென்றே வருவாள். தொட்டிகளைப் பந்தயம் வைத்தது நீ. நான் கேட்கவில்லை. பின்னால் அழக்கூடாது.

குணசேகரன்


திருத்துறைப்பூண்டி,
ஜூன் 16, 2025.

அண்ணனுக்கு,

நான் அழவில்லை. பஸ்ஸில் வரும்போது நன்றாகத் தூங்கினேன்.

நேற்று பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள், பெரியது இருந்த தொட்டி கறுப்பு, இல்லாத தொட்டி மஞ்சள், அதனால் நீட்ட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் பாதியில் எழுந்து குடோனுக்குள் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

பெரியதை நான் வலையில் எடுத்து வேறு தொட்டியில் விட்டதும், "இதெல்லாம் ஆகிற கதையில்லை" என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். தியாகராசன் டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்து, குடித்து முடிப்பதற்குள் மூலையிலிருந்து ஒன்று வெளியே வந்தது. பிறகு இரண்டு. முதுகுத் துடுப்பை விரித்தன. புகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மஞ்சள் மெல்ல மேலே வந்தது. தியாகராசன் டம்ளரைக் கீழே வைக்க மறந்துபோனார்.

அம்சவல்லி அக்கா சொன்னது உங்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "மீனுக்குச் சீக்கு ஒண்ணுமில்ல தியாகு. தொட்டிக்குள்ள ஒரு குணசேகரன் இருந்திருக்காரு, அவ்வளவுதான்" என்றார். நான் சிரிக்கவில்லை. உங்கள் கடை ஆட்கள் சிரித்தார்கள். ஆறு வருஷமாக அந்தக் கடைக்கு வருகிறேன், அவர்கள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நீங்கள் திரும்பி வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். நான் கிளம்புகிற நேரத்தில், வெளியே வந்த மீன்களில் கொஞ்சம் பருத்தது ஒன்று மற்றவற்றைத் துரத்த ஆரம்பித்திருந்தது. பெரியது போனால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. ஆனால் அளவில் ஒத்த மீன் துரத்தினால் இன்னொன்று திருப்பிக் கொடுக்கிறது. ஒரேயடியாக எல்லாம் கறுப்பதில்லை. அதனால் இனி அளவு பார்த்துப் பிரித்துத்தான் கட்டுவேன்.

இவ்வளவும் ஆன பிறகும் படம் குழுவில் அப்படியே இருக்கிறது. துரைராசு ஐயா நாளை மறுநாள் முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். கல்லணை திறந்தாகிவிட்டது, தண்ணீர் கிளம்பிவிட்டது. எனக்காக அது நிற்காது.

நேற்று எல்லார் முன்னாலும் உங்களை ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளை மாலைக்குள் படம் போகாவிட்டால், அம்சவல்லி அக்கா போனில் எடுத்து வைத்திருக்கிற வீடியோ அதே குழுவுக்கு வரும். கறுப்புத் தொட்டி மஞ்சளாகிறது முழுசாக இருக்கிறது. நீங்கள் எழுந்து போகிறதும் இருக்கிறது.

பர்வின்


தஞ்சாவூர்,
ஜூன் 18, 2025.

தங்கச்சி பர்வினுக்கு,

படத்தை எடுத்துவிட்டேன். "பர்வின் சரக்கில் குற்றமில்லை, என் தொட்டி ஏற்பாட்டில்தான் தவறு" என்று அதே குழுவில் எழுதியும் போட்டுவிட்டேன். பார்த்திருப்பாய். உன் வீடியோவுக்குப் பயந்து போடவில்லை. அப்படி நினைத்தால் நினைத்துக்கொள்.

அம்சவல்லி சொன்னது காதில் விழுந்தது. குடோன் தகரக் கதவு, எல்லாம் கேட்கும். ஆட்கள் சிரித்ததும் கேட்டது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்ததும் தொட்டி தொட்டியாகப் பெரியதை எல்லாம் நானே எடுத்துத் தனித்தனியாக விட்டேன். சிக்லிட்டில் மட்டுமில்லை, வேறு சில ஜாதியிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினால் கடை வேறு கடை மாதிரி இருந்தது. வாங்க வந்த ஆளொருவர், "புது லைட்டு போட்டீங்களா?" என்று கேட்டார். எத்தனை வருஷம், எத்தனை மீனைச் சீக்கு என்று கொட்டியிருப்பேன் என்று நினைத்தால் கணக்கு வேண்டாம் போலிருக்கிறது.

துரைராசுவுக்குப் போன் செய்து எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணுக்கே குடுங்க, அது தொட்டிய விட்டுப் போகாது" என்றேன். அவர் சிரித்தார். எல்லாருக்கும் இந்த வாரம் சிரிப்பு.

இனி வியாபாரம் பேசுவோம். மஞ்சள் சிக்லிட் ஒன்றுக்கு இருபத்திநாலு ரூபாய் தருகிறேன். இது கும்பகோணம் விலையை விட இரண்டு கூட. சரக்கு எனக்கு மட்டும். கடை வாசல் தொட்டிக்குப் பழையபடி பெரியது ஒன்று கூடப் போட்டு அனுப்பு, அதைத் தனியாகத்தான் வைப்பேன்.

குணசேகரன்


திருத்துறைப்பூண்டி,
ஜூன் 20, 2025.

அண்ணனுக்கு,

குழுவில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதற்கு நன்றி. உங்களுக்கு அது லேசாக வந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

துரைராசு ஐயா முந்தாநாள் வந்தார். தொட்டிகளைச் சுற்றி நடந்து பார்த்தார், குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தும் பார்த்தார். மூன்று வருஷத்துக்குக் குத்தகை எழுதியாகிவிட்டது. இந்த முறை பாசித் பேரில் இல்லை, என் பேரில். பாசித்துக்குப் போனில் சொன்னேன். மோட்டாருக்குப் புது ஒயர் போடு என்றார். அவர் சம்மதத்தை அப்படித்தான் சொல்லுவார்.

உங்கள் இருபத்திநாலு ரூபாயை நான் எடுக்கமாட்டேன். அந்த இரண்டு ரூபாய் எதற்கு என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் ஒரே விலை, இருபத்திரண்டு. தியாகராசனும் கேட்டிருக்கிறார், அவருக்கும் போடுவேன். யாருக்கும் 'மட்டும்' கிடையாது. நீங்கள் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், எனக்கு வருத்தம் இருக்கும், நஷ்டம் இருக்காது.

ஒரே அளவு மீன் ஒரு பையில். பஸ் கூலி மீன் வாங்குகிறவர் செலவு. நிறம் மங்கினால் படம் எனக்கு வரவேண்டும், குழுவுக்குப் போகக்கூடாது.

கொசுறு இல்லை. வாசல் தொட்டிக்குப் பெரியது வேண்டுமென்றால் விலைக்குத் தருகிறேன். ஒன்று நூற்றைம்பது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற இரண்டை, என் கண்ணைத் திறந்ததற்காக, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பர்வின்


தஞ்சாவூர்,
ஜூன் 22, 2025.

பர்வினுக்கு,

இருபத்திரண்டு சம்மதம். அளவு, பஸ் கூலி, படம் எல்லாம் சம்மதம். 'மட்டும்' இல்லாமலே எடுத்துக்கொள்கிறேன், வேறு வழி வைத்தாயா நீ.

பெரியதுக்கு நூற்றைம்பது அநியாயம். ஆறு வருஷம் சும்மா வந்த மீன். நூற்று இருபது தருகிறேன்.

குணசேகரன்


திருத்துறைப்பூண்டி,
ஜூன் 24, 2025.

அண்ணனுக்கு,

சும்மா வந்ததால்தான் அதன் விலை உங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

இன்று காலை பஸ்ஸில் நாலு பை ஏற்றியிருக்கிறேன், ஒரே அளவு, ஒன்று இருபத்திரண்டு ரூபாய். போனில் நேற்று பேசி முடித்தபடி பெரிய மீன் ஒன்று, நூற்று நாற்பது ரூபாய். தனிப் பையில்.

பர்வின்